ஊர் ஊராய்ப் போகும் பாட்டுக்காரரின் பாட்டு: வாசிக்கவும் எழுதவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்க கன்ட்ரி இசையில், வயதான பாட்டுக்காரர் தன் பஸ் வாழ்க்கையைப் பாடுவது ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. வேலன் ஜென்னிங்ஸ் 1975இல் பாடிய ‘ஆர் யூ ஷ்யூர் ஹாங்க் டன் இட் திஸ் வே’ (ஹாங்க் இப்படித்தான் செய்தாரா, நிச்சயமா?) புலம்பலும் கேள்வியுமாக இருக்கும். வில்லி நெல்சன் 1980இல் பாடிய ‘ஆன் த ரோட் அகெயின்’ அதற்கு நேரெதிர். மறுபடி எப்போது பஸ் ஏறுவோம் என்று துடிக்கிற பாட்டு அது. இரண்டையும் கேட்டால் எளிமையாகத்தான் தோன்றும். கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) கொஞ்சம், வேகமும் நடுத்தரம். ஆனால் கிட்டாரைப் புதிதாகக் கையில் எடுத்தவர் வாசித்தால் பஸ் கிளம்பாது, ஸ்டாண்டிலேயே நின்று உறுமும்.

காரணம், கவனமெல்லாம் இடது கையில் இருப்பதுதான். கார்டு சரியாகப் பிடித்தாகிவிட்டது, பிறகும் ஏன் பாட்டு வரவில்லை என்று குழம்புவார்கள். இந்த வகைப் பாட்டில் சக்கரம் உருளுவதைச் சொல்வது வரிகள் அல்ல, வலது கை. அது உருண்டுகொண்டே இருந்தால் வரிகள் சாலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நகரலாம். அதனால் இங்கே வரிசையும் அப்படித்தான்: முதலில் கை, பிறகு கார்டு, பிறகு குரல், கடைசியாகத்தான் எழுத்து.

கிட்டார்

ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக் கிட்டார் போதும். தந்தி 12–53 செட் நல்லது (மிக மெல்லிய தந்தியின் தடிமனும் மிகத் தடித்ததன் தடிமனும், அங்குலத்தில் ஆயிரத்தில் பங்காக). விரல் நுனி இன்னும் காய்ப்பு ஏறாதவர்கள் 11–52 போட்டுக்கொள்ளலாம், 10க்குக் கீழே போக வேண்டாம். மெல்லிய தந்தியில் பேஸ் நோட்டுக்கு, அதாவது கீழ் ஸ்வரத்துக்கு, கனம் இருக்காது, இங்கே பாட்டையே தாங்குவது அந்தக் கனம்தான். 12ஆவது ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பி) ஆறாவது தந்தி, அதாவது மிகத் தடித்தது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 2 முதல் 2.5 மி.மீ. என்றால் சரி. 3.5 மி.மீ. இருந்தால் பயிற்சியைக் குறை சொல்லாமல், கடையில் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) 0.73 முதல் 0.88 மி.மீ. வரை. அதைவிட மெல்லியது பேஸ் தந்தியில் பட்டதும் வளைந்து, நோட்டுக்குப் பதில் ‘டப்’ என்ற சத்தத்தைத்தான் தரும்.

நைலான் தந்திக் கிட்டாரில் பிக் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் வில்லி நெல்சனின் ‘ட்ரிகர்’ கிட்டாரின் படத்தைப் பார்க்க வேண்டும். 1969இல் அவரிடம் வந்த மார்ட்டின் என்-20 அது. கிளாசிக்கல் வகை என்பதால் பிக்கின் உரசலைத் தாங்கும் காவல் தகடு கிடையாது. பல்லாண்டுகள் பிக் உரசி உரசி, ஒலித்துளைக்குக் கீழே பலகையில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. அவர் அதை வைத்துக்கொண்டே 90 வயது தாண்டியும் மேடையேறினார். உங்கள் கிட்டாருக்கு அந்தக் கதி வேண்டாம். நைலான் என்றால் விரலாலேயே வாசியுங்கள்.

பூம்–சிக்

நாலு எண்ணுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் ஒரே ஒரு பேஸ் தந்தி: பூம். இரண்டிலும் நாலிலும் மெல்லிய மூன்று தந்திகளை மட்டும் கீழ்நோக்கி ஒரு வீச்சு: சிக். முதல் வாரம் முழுக்க ஜி கார்டு ஒன்றே போதும்.

ஒன்றில் ஆறாவது தந்தி, மூன்றாவது ஃப்ரெட். இது கார்டின் மூல ஸ்வரம். மூன்றில் நாலாவது தந்தியைத் திறந்தபடி, அதாவது எந்த ஃப்ரெட்டையும் அழுத்தாமல். இப்படி மூல ஸ்வரத்துக்கும் அதன் பஞ்சமத்துக்கும் மாறி மாறிப் போவதுதான் கன்ட்ரி பேஸ். நம் காதுக்குப் பழக்கமான ச–ப தான், தம்புராவில் கேட்பது இங்கே நடை போடுகிறது.

இங்கே நடக்கும் தவறுகள் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான். ‘சிக்’ அடிக்கும்போது ஆறு தந்தியையும் வாருவது முதல் தவறு. அப்படி வாரினால், இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும் பேஸ் நோட்டின் மேல் மறுபடி அடி விழுந்து எல்லாம் கஞ்சியாகிவிடும். ‘பூம்’ நீளமாக ஒலிக்க வேண்டும், ‘சிக்’ குட்டையாக இருக்க வேண்டும். சிக்கைக் குட்டையாக்க, அடித்த மறுகணம் வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டை மெல்லிய தந்திகள்மேல் லேசாக இறக்குங்கள். இரண்டாவது தவறு, முழங்கையிலிருந்து வீசுவது. பத்து நிமிடத்தில் தோள் வலித்தால் நீங்கள் முழங்கையால் அடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அசைய வேண்டியது மணிக்கட்டு, அதுவும் சாவி திருப்புகிற அளவுக்குத்தான்.

மெட்ரோனோமை (டிக் டிக் என்று தாளம் தரும் கருவி) நிமிடத்துக்கு 80இல் வைத்து நாலு அடிக்கும் டிக் கேட்டுப் பழகுவதைவிட, 40இல் வைத்து, அந்த டிக்கை இரண்டாகவும் நாலாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது ‘சிக்’ விழும் இடத்தில் மட்டும் டிக் வரும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும். நாலாம் நாள் கால் தானாகத் தட்டத் தொடங்கும். கையும் டிக்கும் பிரியாமல் பத்து நிமிடம் ஓடினால் 45, பிறகு 50, பிறகு 55. மூன்று வாரம் முடியும் முன் 60ஐத் தொட அவசரப்படாதீர்கள்.

கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் ஆரம்பக் காலப் பதிவுகளில் டிரம் இருக்காது. அவர் கிட்டாரை வாசிப்பார், லூதர் பெர்கின்ஸ் எலக்ட்ரிக் கிட்டார், மார்ஷல் கிராண்ட் பேஸ், அவ்வளவுதான். ஆனாலும் ஸ்னேர் டிரம் மாதிரி ஒரு ‘சர்க் சர்க்’ கேட்கும். தந்திகளுக்கு அடியில் மடித்த காகிதத்தைச் செருகி வைத்ததால் வந்த சத்தம் அது. வீட்டில் செய்ய: எழுதும் தாளில் 2 செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜுக்கு (தந்திகளைப் பலகையில் தாங்கும் கட்டை) பக்கத்தில் ஒரு தந்திக்கு மேலாகவும் அடுத்த தந்திக்குக் கீழாகவுமாகப் பின்னுங்கள். விசிட்டிங் கார்டு வேண்டாம், தடிமன் அதிகம், தந்தியையே ஊமையாக்கிவிடும். இதை ஒரு வாரம் வைத்துப் பயின்றால் இன்னொரு லாபம் உண்டு. ஸ்வரம் மங்கி, அடி மட்டும் கேட்பதால் உங்கள் தாளத்தின் கோணல் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

கார்டுகள், எண்களாக

‘ஆன் த ரோட் அகெயின்’ பதிவு ஈ மேஜரில் இருக்கிறது. அப்படியே வாசித்தால் ஜி ஷார்ப் செவன், எஃப் ஷார்ப் மைனர் என்று இரண்டு பார் கார்டுகள் (ஒரே விரலை நீட்டிப் பல தந்திகளை அழுத்துபவை) குறுக்கே வந்து நிற்கும். புதியவர் கை அங்கேயே தடுக்கி விழும். அதனால் ஜி மேஜரில் எடுங்கள். வரிசை இது: ஜி, பி செவன், ஏ மைனர், சி, டி செவன், மறுபடி ஜி. எல்லாமே திறந்த தந்திக் கார்டுகள், பார் பிடிக்கவே வேண்டியதில்லை. குரலுக்குத் தாழ்வாக இருந்தால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள், ஏ மேஜர் கிடைக்கும்.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் ஸ்டுடியோக்காரர்கள், கார்டு அந்த ஸ்வர வரிசையில் எத்தனையாவது என்று இதை எண்ணாக எழுதுவார்கள்: 1, 3-செவன், 2-மைனர், 4, 5, 1. ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் கடைசியில் தொடங்கிய முறை அது. பாடகர் கடைசி நிமிடத்தில் “அரைச் சுருதி இறக்கிக்கலாம்” என்றாலும் தாளைத் திருத்த வேண்டாம். ச–ரி–க–ம என்று சுருதி மாற்றிப் பாடிப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தை அல்ல. முதல் நாளிலிருந்தே எண்ணில் எழுதுங்கள்.

அந்த 3-செவனில்தான் பாட்டின் ருசி இருக்கிறது. அப்படி ஒரு கார்டு வந்தால் அடுத்து 6-மைனர் வரும் என்று காது காத்திருக்கும். பாட்டு அங்கே போகாமல் 2-மைனருக்குத் திரும்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் எதிர்பார்த்த பிரிவுக்கு முன்னாலேயே வண்டியை ஒடித்துத் திருப்பியது போல இருக்கும். இந்த இடத்தில் வழுக்கினால் மொத்தப் பாட்டும் சாதாரண மூன்று கார்டுப் பாட்டாகிவிடும். ஒவ்வொரு கார்டும் எத்தனை சுற்று (நாலு எண்ணுவது ஒரு சுற்று) நீடிக்கிறது என்பதைப் பதிவைக் கேட்டு நீங்களே எண்ணி எழுதுங்கள், அந்த ஒரு மணி நேர வேலை காதுக்கு நல்லது. நடுப்பகுதி 4இல் தொடங்கி 1க்கு வரும், மறுபடி 4, 1, கடைசியில் 5இல் நின்று பல்லவிக்குத் தள்ளிவிடும்.

பேஸ் எங்கே விழ வேண்டும் என்பது கார்டுக்குக் கார்டு மாறும்:

ஜி – ஆறாவது தந்தி 3ஆம் ஃப்ரெட், பிறகு நாலாவது தந்தி திறந்து.
சி – ஐந்தாவது தந்தி 3ஆம் ஃப்ரெட். மோதிர விரலை அப்படியே ஆறாவது தந்திக்குத் தூக்கி வைத்தால் பஞ்சமம்.
டி செவன் – நாலாவது திறந்து, பிறகு ஐந்தாவது திறந்து.
ஏ மைனர் – ஐந்தாவது திறந்து, பிறகு ஆறாவது திறந்து.
பி செவன் – ஐந்தாவது தந்தி 2ஆம் ஃப்ரெட். நடுவிரலை மட்டும் ஆறாவது தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் பஞ்சமம். மற்ற மூன்று விரலும் அசையக் கூடாது. இதற்கு மட்டும் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கார்டு மாறும்போது தடுமாறினால் பஞ்சமத்தை விட்டுவிடுங்கள், மூல ஸ்வரத்தையே இரண்டு முறை தட்டுங்கள். யாருக்கும் உறுத்தாது. ஆனால் கை நின்றுபோனால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்.

கை ஓடத் தொடங்கியதும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் படி ஏறிப் போகும் பேஸ் நடையைச் சேருங்கள். ஜியிலிருந்து சிக்கு: ஒன்றில் ஆறாவது தந்தி 3ஆம் ஃப்ரெட், இரண்டில் சிக், மூன்றில் ஐந்தாவது தந்தி திறந்து, நாலில் அதே தந்தி 2ஆம் ஃப்ரெட், அடுத்த ஒன்றில் 3ஆம் ஃப்ரெட். சி வந்துவிட்டது. பாட்டு முழுக்க இதைத் தெளிக்காதீர்கள். ஒரு சரணத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். அளவு மீறினால் பயிற்சிப் புத்தகம் வாசிப்பது போல ஆகிவிடும்.

குரல்

நம்மூரில் பாடிப் பழகியவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று, கமகமும் பிருகாவும் தானாக வந்து ஒட்டும். இங்கே ஸ்வரம் நேராக நிற்க வேண்டும், கடைசியில் லேசாக உடையலாம். இரண்டு, சரியாகச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியிலேயே எடுப்பது. சமத்தில் எடுத்தால் குரலும் ‘பூம்’மும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பாட்டு அணிவகுப்பு நடையாகிவிடும். வில்லி நெல்சன் பெரும்பாலும் அடி விழுந்த பிறகுதான் வாயைத் திறப்பார், வரியை இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஓடிப் பிடிப்பார். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு ஒரே சொல்லில் சொல்லலாம்: அனாகத எடுப்பு.

பயிற்சி இப்படி: கையை ஓடவிட்டு, முதல் ‘பூம்’ விழட்டும், ‘சிக்’கும் விழட்டும், அதன் பிறகு பேசுங்கள். பாட வேண்டாம், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்வது போலப் பேசுங்கள். அது வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு ஸ்வரம் கொடுங்கள். கை குரலுக்குப் பின்னால் போக ஆரம்பித்தால், அதாவது நீங்கள் தாமதிக்கும்போது கையும் தாமதித்தால், நிறுத்திவிட்டு மெட்ரோனோமுக்குத் திரும்புங்கள். பிந்த வேண்டியது குரல் மட்டும். கை பிந்தினால் அதற்குப் பேர் தாளம் தப்புவது.

கூட வாசிக்க ஆள் கிடைத்தால் டிரம்மரிடம் குச்சிக்குப் பதில் பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்னேர்மேல் இடைவிடாத ஓட்டம், இரண்டிலும் நாலிலும் அழுத்தம். ரயில் தண்டவாளச் சத்தம், அதற்குப் பேரே ட்ரெயின் பீட். பேஸ் கிட்டார்காரர் ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் வாசிப்பார் என்றால் அவரைக் கட்டியணைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஆள் கிடைப்பது அரிது. ஹார்மோனிகாவோ ஸ்டீல் கிட்டாரோ பாடகர் மூச்சு விடும் இடத்தில் மட்டும் பேச வேண்டும்.

சொந்தப் பாட்டு எழுதுதல்

முதல் வரைவில் எல்லோரும் தனிமை, பிரிவு, முடிவில்லாத பாதை என்று எழுதுவார்கள். அதை எழுதி முடித்துக் கிழித்துவிடுங்கள், அடுத்த தாளில் ஒரு வரைபடம் வையுங்கள்.

நாஷ்விலிலிருந்து மேற்கே ஐ-40 நெடுஞ்சாலை. மெம்ஃபிஸ் சுமார் 340 கி.மீ., அங்கிருந்து லிட்டில் ராக் 220, பிறகு ஒக்லஹோமா சிட்டி 545, பிறகு அமரில்லோ 420. ஆக மொத்தம் 1500 கி.மீ.க்கு மேல். அமெரிக்காவில் பஸ் டிரைவர் ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. அதனால் நாஷ்விலில் பாடிவிட்டு மறுநாள் காலை அமரில்லோவில் விழித்தேன் என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். ஓர் இரவுக்கு 600, 700 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே போகும் வண்டியில் சாயங்கால வெயில் டிரைவர் கண்ணில் அடிக்கும், காலை வெயில் பின்கண்ணாடியில். அமரில்லோ தாண்டி நியூ மெக்சிகோவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். வயதான ஒருவருக்கு இலவசமாக ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், ஒரு சரணத்துக்கு அதுவே போதும்.

அடுத்து நாளின் ஒழுங்கு. நடுப்பகலில் சாமான் இறக்குவது, நாலு மணி வாக்கில் சவுண்ட் செக், ராத்திரி கச்சேரி, அது முடிந்ததும் சாமான் ஏற்றுவது, நள்ளிரவு தாண்டிப் பஸ் கிளம்புவது. மேடையில் நிற்பது ஒன்றரை மணி நேரம், மிச்சமெல்லாம் காத்திருப்பு. பஸ்ஸில் படுக்கைகள் மூன்று அடுக்காக இருக்கும், பெரும்பாலும் 12. கால் முன்பக்கம் இருக்கும்படி படுப்பதுதான் வழக்கம். திடீரென்று பிரேக் போட்டால் தலை போய் இடிக்காது. பஸ் கழிவறையில் சிறுநீர் மட்டும்தான், மற்றதற்கு வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். இதை ஒரு எழுபது வயதுக்காரர் அதிகாலை மூன்று மணிக்கு டிரைவரிடம் சொல்வதை யோசித்துப் பாருங்கள். ‘தனிமை’ என்ற சொல்லே தேவைப்படாது.

உடம்பையும் மறக்காதீர்கள். முப்பது வருடம் மானிட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற காதில் ஓயாமல் ‘கீ’ என்று ஒலிக்கும். விரல் மூட்டு வலி வந்தவர் 12 செட் தந்தியை விட்டு 11க்கு இறங்குவார், அதை யாரிடமும் சொல்ல மாட்டார்.

தமிழில் எழுதுவதானால் ஒரு நுட்பம். ஆங்கிலத்தில் அழுத்தி உச்சரிக்கும் அசை ‘பூம்’ மேல் விழும். நமக்கு அப்படி அழுத்தம் கிடையாது, அதனால் ஒவ்வொரு சீரின் முதல் அசையையும் அடியோடு பொருத்துங்கள். கடைசிச் சொல்லில் இயைபு, தொடக்கத்தில் மோனை கிடைத்தால் சந்தோஷம். மாதிரிக்கு:

லிட்டில் ராக்கில் தந்தி அறுந்தது, மாத்த நேரம் இல்ல
அஞ்சு தந்தியில ஆறு பாட்டு, யாருமே கவனிக்கல
வந்த காசை எண்ணிப் பாத்தோம், டீசலுக்குத்தான் ஆச்சு
வாசல்ல ஒருத்தர் கையைப் பிடிச்சார், அவருக்கும் வயசாச்சு

நாலாவது வரியில் ‘அவருக்கும்’ என்ற சொல்லில் வரும் ‘உம்’தான் வேலை செய்கிறது. பாடுபவர் தன் வயதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. இதையே ‘எனக்கு வயதாகிவிட்டது, ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது’ என்று விரித்தால் வரி செத்துவிடும்.

பழைய பெரியவர்களின் பெயரை வரிக்குள் இழுக்கிற ஆசை வரும், குறிப்பாக ஹாங்க் வில்லியம்ஸ். 1953 ஜனவரி 1 அன்று, ஒஹாயோவின் கான்டன் கச்சேரிக்குப் போகும் வழியில், காரின் பின் சீட்டில் 29 வயதில் இறந்துகிடந்தவர் அவர். சாலைப் பாட்டு எழுதும் எவருக்கும் அவர் நிழல் மேலே விழத்தான் செய்யும். ஆனால் வேலன் ஜென்னிங்ஸ் ஹாங்கைக் கூப்பிட்டது கேள்வி கேட்பதற்காக, மாலை போடுவதற்கு அல்ல. கேட்க உங்களிடம் கேள்வி இல்லையென்றால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை இரண்டு சரணம், ஒரு நடுப்பகுதி, மறுபடி ஒரு சரணம். மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும்.

முடிப்பது

ஒலிப்பதிவில் சத்தத்தை மெல்லக் குறைத்துக்கொண்டே போகலாம். மேடையில் முடியாது. கடைசி வரியை மூன்று முறை திருப்பிப் பாடுங்கள். முதல் இரண்டு முறை 1க்குப் போகாமல் 5இல் நின்றுவிடுங்கள், மூன்றாவது முறைதான் வீடு சேர வேண்டும். அங்கே வேகத்தைக் குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள். கடைசி 1இல் பூம், சிக், பூம், அடுத்த சிக்கில் உள்ளங்கையை ஆறு தந்திகள்மேலும் படுக்கப் போட்டு அணையுங்கள். ஏதாவது ஒரு தந்தி இன்னும் முனகிக்கொண்டிருக்கலாம். உள்ளங்கையைக் கொஞ்சம் பிரிட்ஜ் பக்கம் தள்ளி வைத்துப் பாருங்கள்.